ரெனால்டா, ரெனோவா?

பங்குனி மாதத்தில் நந்தியெம்பெருமான் திருமணத்தைக் காணத் திருமழபாடிக்கு வருகிறவர்கள் தங்கள் வண்டிகளை வரிசையாக நிறுத்தி வைப்பார்கள். அந்த வரிசையை ஒருமுறை சுற்றி வந்தால் உலகப் படத்தையே சுற்றி வந்தது போல இருக்கும். கொரிய நாட்டு ஹூண்டாயும் கியாவும், ஜப்பான் நாட்டு டொயோட்டாவும் சுசுகியும், பிரெஞ்சு நாட்டு ரெனால்ட்டும், செக் நாட்டு ஸ்கோடாவும் அருகருகே நிற்கும். அரியலூரிலிருந்து சிமெண்டு மூட்டைகளை ஏற்றிச் செல்லும் லாரிகளின் நெற்றியிலோ லேலண்டு என்றும் பாரத்பென்ஸ் என்றும் எழுதியிருக்கும். அம்பாசிடரையும் பியட்டையும் மட்டுமே பார்த்து வளர்ந்த நம் தாத்தா பாட்டிமார் காலத்தில் இத்தனை பெயர்களைச் சொல்லிப் பழக வேண்டிய தொல்லை இருக்கவில்லை. இன்று மூன்றாம் வகுப்புச் சிறுவன்கூடச் சாலையோரம் நின்று வண்டிகளின் பெயர்களை ஒப்பிக்கிறான்.

ஒப்பிப்பது இருக்கட்டும், அவற்றை எப்படி உச்சரிப்பது சரி? இதைப் பற்றி நம் வகுப்பறைகளில் அவ்வப்போது பெரிய வழக்கே நடக்கிறது. 'ரெனால்ட்' என்று ஒருத்தி சொன்னால், 'ரெனோ என்று சொல்லத் தெரியாதா?' என்று மற்றொருத்தி திருத்துகிறாள். திருத்தியவளின் முகத்தில் தோன்றும் பெருமிதமும், திருத்தப்பட்டவளின் தலை குனிவதும் கார் சம்பந்தப்பட்ட விஷயமாக நமக்குத் தோன்றவில்லை. ஆகவேதான் இதைப் பற்றி எழுத முன்வந்தோம்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். ரெனால்ட் என்று நாம் படிப்பது லூயி என்பவரும் அவருடைய சகோதரர்களும் தொடங்கிய நிறுவனத்தின் பெயர். அது அவர்களுடைய குடும்பப் பெயர். பிரெஞ்சு மொழியில் எழுதப்படும் எழுத்துகள் எல்லாம் ஒலிக்கப்படுவதில்லை. பல சொற்களின் கடைசி எழுத்துகள் வாயில்லாப் பூச்சிகளாக நிற்கும். ஆகவே அவர்கள் வாயில் அது 'ரெனோ'. திருவள்ளூரில் செய்யப்படும் சிட்ரோயன் காரின் கதை இன்னும் சுவையானது. ஹாலந்து நாட்டில் பழ வியாபாரம் செய்துவந்த ஒரு குடும்பம் எலுமிச்சையின் பெயரையே தன் குடும்பப் பெயராகக் கொண்டது. அவர்கள் ஊரில் அதை ஏறத்தாழ 'சித்ரூன்' என்று சொல்வார்கள். அக்குடும்பம் பாரிஸ் நகரத்துக்குக் குடியேறிய பிறகு, பெயரில் உள்ள ஓர் எழுத்தின் தலைமேல் இரண்டு புள்ளிகளை வைத்துக்கொண்டது. பக்கத்து எழுத்தோடு இதைச் சேர்த்துப் படிக்காதே, தனியாக ஒலி என்பது அந்தப் புள்ளிகளின் பொருள். 'சித்ரூன்' உடனே 'சித்ரொஎன்' ஆகிவிட்டது. அந்த வீட்டுப் பிள்ளை ஆந்த்ரே பிற்காலத்தில் கார்த் தொழிலில் இறங்கிப் பெயர் பெற்றார். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் அடியில் வைத்துப் புதுக் காரை ஓட்டுகிறோமே, இந்தக் காருக்கு அது பெயரிலேயே இருக்கிறது!

ஜெர்மன் பெயர்கள் வேறு விதம். பிரெஞ்சுக்காரர் எழுத்துகளை விழுங்கினால் ஜெர்மானியர் ஒன்றையும் விடமாட்டார்கள். போர்ஷ் என்று நாம் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதை அவர்கள் 'போர்ஷ' என்று இரண்டு அசையாகச் சொல்வார்கள். தமிழில் எழுதினால் ஒரு புள்ளிதான் வித்தியாசம். ஆங்கிலத்தில் 'வி' என்று நாம் படிக்கும் எழுத்து பல ஜெர்மன் சொற்களில் 'ஃப' ஒலியையும், 'டபிள்யூ' என்பது 'வ' ஒலியையும் தரும். ஆகவே ஃபோக்ஸ்வேகன் அவர்கள் வாயில் 'ஃபோல்க்ஸ்வாகன்'. மக்கள் வண்டி என்று பொருள். பென்ஸ் என்பதும் அங்கே 'பென்ட்ஸ்' என்றே ஒலிக்கும். இந்தப் பெயருக்கு முதலில் புகழ் தேடித் தந்தவர் ஒரு பெண் என்பதை இடையில் சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறோம். 1888-ஆம் ஆண்டு பெர்த்தா பென்ஸ் அம்மையார், கணவரிடம் சொல்லாமலே அவர் செய்த வண்டியை எடுத்துக்கொண்டு, இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்த தம் தாய் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். பெண்களுக்கு வண்டி எதற்கு என்று கேட்கும் அண்ணன்மார் இதைக் கவனிப்பார்களாக.

கத்தோலிக்கப் பெண்களாகிய நாம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய பெயர் மெர்சிடிஸ். எமில் யெலினெக் என்ற வணிகர் தாம் வாங்கி விற்ற டெய்ம்லர் வண்டிகளுக்குத் தம் மகளின் செல்லப் பெயரைச் சூட்டினார். 1902-ஆம் ஆண்டு அது வணிகப் பெயராகப் பதிவாயிற்று. அந்தச் சிறுமியின் பெயர் எங்கிருந்து வந்தது? ஸ்பானிய மொழியில் அது 'இரக்கங்கள்' என்று பொருள்படும் சொல். இரக்கத்தின் அன்னை என்று தேவதாயை வணங்கும் பட்டத்திலிருந்து ஸ்பெயின் தேசத்தார் தங்கள் பெண் குழந்தைகளுக்கு வைக்கும் பெயர் அது. செப்டம்பர் 24 அந்த அன்னையின் திருநாள். நம் பள்ளியில் மெர்சி என்ற பெயரில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். பணக்காரர் வீட்டு வாசலில் நிற்கும் அந்த வண்டிக்கும் நம் மெர்சிகளுக்கும் ஒரே தாய்தான். இதன் சரியான உச்சரிப்பு எது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். ஸ்பானியர் ஒன்று சொல்வர், ஜெர்மானியர் 'மெர்ட்ஸேடெஸ்' என்பர், ஆங்கிலேயர் 'மெர்சீடிஸ்' என்பர். பெயரைப் பெற்ற மகளோ ஆஸ்திரிய நாட்டில் பிறந்தவள்.

இங்கேதான் நமக்கு முதல் ஐயம் எழுகிறது. சரியான உச்சரிப்பு என்று சொல்கிறோமே, அது யாருடைய உச்சரிப்பு? டொயோட்டா நிறுவனத்தைத் தொடங்கிய குடும்பத்தின் பெயர் டொயோடா. 1936-ஆம் ஆண்டு நிறுவனத்தார் தாங்களே அந்த ஒலியை மாற்றி டொயோட்டா என்று வைத்துக்கொண்டனர். ஜப்பானிய எழுத்தில் அப்படி எழுதினால் எட்டுக் கோடுகள் வரும், எட்டு அவர்களுக்கு நல்ல எண் என்பது ஒரு காரணம். ஹூண்டாய் என்பது கொரிய மொழியில் 'நவீனம்' என்று பொருள்படும் சொல். அவர்கள் அதை ஏறத்தாழ 'ஹ்யொன்தே' என்கிறார்கள். அமெரிக்கர் 'ஹண்டே' என்கிறார்கள். இங்கிலாந்தில் 'ஹையுண்டாய்' என்று சொல்லிவந்தவர்களைத் திருத்துவதற்காக அந்நிறுவனமே 2023-ஆம் ஆண்டு விளம்பரம் செய்ய வேண்டியிருந்தது. நம் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் அந்தக் கார்களைச் செய்துவருகிறவர்கள் 'ஹூண்டாய்' என்கிறார்கள். செய்கிறவர்களுக்குச் சொல்லத் தெரியாது என்று யார் துணிந்து கூறுவது? ஸ்கோடாவும் அப்படியே. செக் மொழியில் முதல் எழுத்தின் மேல் ஒரு சிறு குறி இருப்பதால் அது 'ஷ்கொடா'. அந்த நாட்டில் அச்சொல்லுக்கு நஷ்டம், ஐயோ பாவம் என்றெல்லாம் பொருள் உண்டு. வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

நம்மைத் திருத்துகிறவர்களில் பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இந்தப் பெயர்கள் யாவும் நமக்கு ஆங்கில எழுத்தின் வழியாக வருகின்றன. அவற்றின் பிறந்த வீடோ வேறு. பிரெஞ்சு, ஜெர்மன், கொரியா, செக் என்று வெவ்வேறு வீட்டுப் பெண்களை ஆங்கிலம் என்ற ஒரே வண்டியில் ஏற்றி நம் ஊரில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். அதனால் ஆங்கிலம் நன்றாகப் படித்தவர் இவற்றைச் சரியாகச் சொல்வார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இங்கிலீஷ்காரரே தடுமாறும் இடத்தில், இங்கிலீஷ் தெரியாது என்பதற்காக ஒருவர் ஏன் வெட்கப்பட வேண்டும்?

இனி நம் வாயின் நியாயத்தையும் பார்ப்போம். தமிழ் ஐயாவோ அம்மாவோ மொழி முதல் எழுத்துகளையும் மொழி இறுதி எழுத்துகளையும் கற்பிக்கும்போது, இதெல்லாம் தேர்வுக்கு மட்டுமே பயன்படும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். திருமழபாடி பஸ் நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்று கேட்டால் நன்னூல் அங்கே உயிரோடு உலாவுவது தெரியும். க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்களில் எந்தத் தமிழ்ச் சொல்லும் முடிவதில்லை. ஆகவே நம் பெரியம்மாக்கள் 'போர்ட்' என்று சொல்வதில்லை. 'போர்டு' என்று ஓர் உகரத்தைச் சேர்த்து இறக்கி வைக்கிறார்கள். அது சுத்தமான குற்றியலுகரம். பென்ஸ் 'பென்சு' ஆவதும் லேலண்ட் 'லேலண்டு' ஆவதும் அதே போலத்தான். ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வாரா. அதனால்தான் ராமனுக்கு முன்னால் இகரம் சேர்த்து இராமன் என்று எழுதுகிறோம். டகரமும் சொல்லுக்கு முதலில் வாராது. இலக்கணத்தைக் கடுமையாகப் பார்த்தால் டாட்டாவும் டொயோட்டாவும் நம் ஊருக்குள் நுழையவே முடியாது. வடமொழிச் சொற்கள் தமிழில் வரும்போது தம் சொந்த எழுத்தை விட்டுத் தமிழ் ஒலியை ஏற்று வர வேண்டும் என்று தொல்காப்பியரே வழி சொல்லி வைத்திருக்கிறார். விருந்தாளியாக வந்த சொல் வீட்டாரின் செருப்பைப் போட்டுக்கொள்வதில் அவமானம் இல்லை.

'கார்' என்ற சொல்லையே பாருங்கள். நமக்கு அது மேகமும் மழைக்காலமும் ஒரு வகை நெல்லும். இத்தனை பேர் இருக்கும் வீட்டில் ஆங்கிலக் காரும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருவரும் சண்டை போடவில்லை.

இதுவரை கூறியவை கேட்பதற்கு விளையாட்டாக இருக்கலாம். விளையாட்டாக இல்லாத ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். வேறோர் ஊரில் பல பள்ளிகள் கலந்துகொண்ட வினாடி வினாப் போட்டிக்கு நம் தோழி ஒருத்தி சென்றிருந்தாள். 2010-ஆம் ஆண்டு நிசான் நிறுவனத்தோடு கூட்டாக ஒரகடத்தில் கார்த் தொழிற்சாலை தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் எது என்பது கேள்வி. அவளுடைய சித்தப்பா வாடகைக் கார் ஓட்டுகிறவர். அந்த வண்டியின் டயர் அளவு முதல் கியர் பெட்டியின் சத்தம் வரை அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் அவள். மணியை முதலில் அடித்து 'ரெனால்ட்' என்று உரக்கச் சொன்னாள். கேள்வி கேட்டவர் புன்னகையோடு, 'யூ மீன் ரெனோ' என்றார். அரங்கம் சிரித்தது. மதிப்பெண் கொடுத்துவிட்டார்கள், அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதன் பிறகு வந்த கேள்விகளில் இரண்டுக்கு அவளுக்கு நிச்சயமாக விடை தெரியும். அவள் மணியைத் தொடவில்லை. 'மறுபடியும் சிரித்தால்?' என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்களிடம் கேட்டாள்.

தோழியரே, அந்தக் கேள்விக்கு அப்போது எங்களிடம் பதில் இருக்கவில்லை. இன்னொன்றும் நடந்தது. போட்டி தொடங்குமுன் பங்கேற்பவர்களின் பெயரையும் ஊரையும் ஆங்கிலத்தில் எழுதிய தாளைப் பார்த்து ஒலிபெருக்கியில் படித்தார்கள். எங்கள் ஊரைத் 'திருமஜபாடி' என்றார்கள். அதற்கு எவரும் சிரிக்கவில்லை. எவருக்கும் அது பிழையாகவே தோன்றவில்லை போலும்! பாரிஸ் நகரத்துப் பெயரில் ஒரு லகரத்தைச் சேர்த்துச் சொன்னால் அது அறியாமை. ஒன்றரை மணி நேரத்தில் பஸ்ஸில் போய்ச் சேரக்கூடிய தமிழ் ஊரின் பெயரில் ழகரத்தைக் கொன்றால் அது சாதாரணம். இது என்ன நியாயம் என்று நாம் கேட்கிறோம்.

மழவர் என்ற பழங்குடி மக்களின் பாடி என்பதால் மழபாடி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னே சுந்தரர் பாடிய தேவாரத்தில் இந்தப் பெயர் ழகரத்தோடு அப்படியே இருக்கிறது. அந்த ஒலியை ஆங்கிலத்தில் எழுத இரண்டு எழுத்துகளைச் சேர்த்துக்கொள்கிறோம். தமிழ் அறியாதவர் அதைப் பார்த்து 'ஜ' என்றோ 'ச' என்றோ படித்தால் அவர்மேல் கோபிக்க முடியாது. தமிழரே அப்படிப் படிக்கும்போதுதான் மனம் நோகிறது. கயல்விழியும் யாழினியும் எழிலரசியும் மேற்படிப்புக்கு வெளி மாநிலம் போனால் என்ன பெயரோடு திரும்பி வருவார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். கொள்ளிடத்தை 'கொலரூன்' என்றும், தஞ்சாவூரை 'டான்ஜோர்' என்றும், தூத்துக்குடியை 'டூட்டிகோரின்' என்றும் வெள்ளைக்காரர் எழுதிவைத்துப் போனதை நாம் இன்றும் முழுவதும் துடைத்து முடிக்கவில்லை. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. எழுத்துக்கூட்டு சரியில்லை என்று பலரும் குறை கூறவே, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சொந்த ஊர்ப் பெயரை அந்நிய எழுத்தில் அடைப்பதே இத்தனை சிரமம் என்றால், அந்நிய ஊர்ப் பெயரை அந்நிய எழுத்தில் பார்த்துப் பிழையின்றிச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு பதினைந்து வயதுப் பெண்ணிடம் எதிர்பார்ப்பது அதிகம் அல்லவா?

அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் சொல்லலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். இதற்கு ஒரு நல்ல வழியை நமக்கு அருகிலுள்ள ஏலாக்குறிச்சியிலேயே காணலாம். அடைக்கல அன்னையின் திருத்தலத்துக்குப் போகாத குடும்பம் நம்மிடையே குறைவு. அந்த ஊரில் தங்கிப் பணியாற்றி, அதற்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டவர் வீரமாமுனிவர். 1680-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்த அவருடைய குடும்பப் பெயரை ஆங்கில எழுத்தில் பார்க்கிறவர்கள் 'பெஸ்சி' என்று படித்துவிடுகிறார்கள். இத்தாலிய மொழியில் அந்த எழுத்துக் கூட்டத்துக்குக் ககர ஒலி. ஆகவே அவர் பெஸ்கி. நம் தமிழ்ப் பாடநூல்கள் இதைச் சரியாகவே அச்சிட்டிருக்கின்றன. 'லம்போர்கினி' என்ற பெயரில் 'ஜி' என்று ஒலிக்காமல் 'கி' என்று ஒலிப்பதற்கும் காரணம் இதைப் போன்ற இத்தாலிய எழுத்து முறைதான். வேகத்துக்குப் பெயர்போன அந்த நிறுவனத்தின் தலைவர் 1963-இல் கார்த் தொழிலைத் தொடங்குவதற்கு முன் வயலில் உழும் டிராக்டர்களைச் செய்து விற்றவர். அவர் கார்த் தொழிற்சாலை அமைத்த ஊரோ வேதசாட்சியாகிய புனித ஆகத்தம்மாளின் பெயரைத் தாங்கியது.

பெஸ்கி தமிழகத்துக்கு வந்ததும் தம் இயற்பெயரின் பொருளைத் தமிழாக்கித் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். பின்னர் வீரமாமுனிவர் ஆனார். நம் மக்கள் தம் பெயரைச் சரியாக உச்சரிக்கவில்லை என்று அவர் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. நாம் சொல்லக்கூடிய பெயரோடு நம் முன் வந்து நின்றார். அதே சமயம் ஒலிகளைச் சரியாக எழுத வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த அக்கறை நம்மவருக்கே இருந்ததா என்பது ஐயம். பழைய ஏடுகளில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் மேலே புள்ளி இருந்தால் குறில், இல்லாவிட்டால் நெடில். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பலர் புள்ளியை விட்டுவிடுவார்கள். படிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். ஏகாரத்துக்குக் காலும் ஓகாரத்துக்குச் சுழியும் தந்து அந்தக் குழப்பத்தைப் போக்கியவர் அவர் என்று தமிழறிஞர் கூறுவர். 'ரெனோ' என்று நாம் எழுதும்போது முதலெழுத்துக் குறில், இறுதி எழுத்து நெடில் என்று ஒருவரையும் கேட்காமல் படிக்க முடிகிறதே, அது அவர் தந்த வசதி.

அதே காஸ்திலியோனே ஊரில் பிறந்த இன்னொருவரும் நமக்கு நெருக்கமானவர். அலோய்சியஸ் கொன்சாகா என்று உலகம் அழைக்கும் அந்தப் புனிதரை நம் முன்னோர் ஞானப்பிரகாசியார் ஆக்கிவிட்டார்கள். பிரான்சிஸ் சவேரியாரின் குடும்பப் பெயரோ 'புது வீடு' என்று பொருள்படும் பாஸ்க் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. ஸ்பானியர் 'ஹவியர்' என்பர், ஆங்கிலேயர் 'சேவியர்' என்பர், கடற்கரை மீனவர் நாவில் அவர் சவேரியார். ஜோசப் சூசையப்பர் ஆனார், இஞ்ஞாசியாரும் அந்தோணியாரும் தமிழ்ப் பெயர் போலவே ஆகிவிட்டார்கள். நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக நாம் செபத்தில் இந்தப் பெயர்களைச் சொல்லிவருகிறோம். விண்ணுலகில் எவரும் இதைக் கேட்டுச் சிரித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே நம் கருத்து இதுதான். மனிதரின் பெயர் வேறு, சரக்கின் பெயர் வேறு. உயிரோடு நம் எதிரே நிற்கும் ஒருவரின் பெயரை அவர் சொல்கிறபடி சொல்ல நாம் முயல வேண்டும். தெரியாவிட்டால் கேட்க வேண்டும். புதிதாக வந்து சேர்ந்த வெளி மாநிலத்து மாணவியின் பெயர் நம் நாக்குக்கு வராவிட்டால், அவளுக்கு ஒரு சுருக்கப் பெயர் வைத்துச் சிரிப்பது தகாது. பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது எளிது. அவள் இரண்டாவது முறை சொல்லும்போது முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறோம். ஊரின் பெயரும் அப்படியே, அங்கே மனிதர் வாழ்வதால்.

கடைக்கு வந்த பொருளின் பெயர் அப்படியன்று. ரெனோவும் பென்ட்ஸும் ஒரு காலத்தில் மனிதரின் பெயர்களாக இருந்தவையே. மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் தங்கள் பெயரைத் தகட்டில் அடித்து உலகச் சந்தைக்கு அனுப்பிவிட்டார்கள். தெருவுக்கு வந்த பெயர் தெருவின் வாய்க்கு ஏற்பத் தேய்வது இயற்கை. சரியான ஒலியை அறிந்துகொள்வது நல்லதே. அது ஒரு புது மொழியின் கதவைக் கொஞ்சம் திறந்து பார்ப்பது போல. நாமே இந்தக் கட்டுரைக்காகத் தேடியபோது அந்த மகிழ்ச்சியை அனுபவித்தோம். அறிந்ததை நாம் சொல்லிக்கொள்வோம், கேட்கிறவர்களுக்கும் சொல்லுவோம். ஆனால் பட்டறையில் கையெல்லாம் கிரீஸாக 'லேலண்டு' என்ஜினைப் பிரித்து மாட்டுகிற அண்ணனிடமும், 'போர்டு காரு' என்று சொல்லும் பெரியம்மாவிடமும் போய்த் திருத்தம் சொல்ல வேண்டாம். அவர்கள் நன்னூல்படி நடக்கிறார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்கு வந்த விருந்தினர் முன்னால், 'என் பெண் இங்கிலீஷ் மீடியம், ஆனால் இந்தப் பெயரைக்கூடச் சொல்ல வரவில்லை' என்று சிரித்துக்கொண்டே கூறாதீர்கள். நீங்கள் மறந்துவிடுவீர்கள், அடுத்த நாள் வகுப்பில் கேள்விக்கு எழுந்து நிற்கும்போது எங்களுக்கு அது நினைவுக்கு வரும்.

வினாடி வினா நடத்தும் பெரியோர்களிடம் இரண்டு கோரிக்கைகள். வெளிநாட்டுப் பெயர் விடையாக வரும் கேள்விகளில், எழுத்தைப் பார்த்துப் படித்தது போலச் சொன்னாலும் சரி, பிறந்த நாட்டு ஒலியில் சொன்னாலும் சரி, இரண்டையும் ஒரு சொல்லும் கூறாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். உச்சரிப்பைக் கற்றுத் தர விரும்பினால் போட்டி முடிந்தபின் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள், ஆவலோடு கேட்டுக்கொள்வோம். மற்றொன்று, எங்கள் பெயர்களையும் ஊர்களையும் ஒலிபெருக்கியில் படிக்கும் முன்பு எங்களை அழைத்து ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். திருமழபாடியில் ழகரம் ஒன்றுதான் இருக்கிறது. அரை நிமிடம் போதும்.